தேர் இஸ்

புதன் இரவு ஏழு மணி.
தொட்டில் சேலைகளை வளையில் சுருட்டிக் கட்டிவிட்டு
பிள்ளைக் காம்பராவில்
மூன்று வயதுக்காரர்களின் நாற்காலிகளில்
முழங்கால் தாடையை இடிக்க
பதினொரு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.
வெளியே பொகவந்தலாவைப் பனி.
கரும்பலகையில் எழுதுகிறேன்:
பாடம் நான்கு. வீடும் அறைகளும்.

புத்தகத்து வீட்டுக்கு ஏழு அறைகள்.
அறைக்கு ஓர் ஆள்.
ஒருவர் படுக்க இன்னொருவர்
எழுந்து நிற்க வேண்டியதில்லை.

"தேர் இஸ் எ சோபா" என்கிறேன்.
"தேர் இஸ் எ சோபா" என்கிறார்கள்.
ஃபெக்டரி உடுப்பில் தேயிலைத் தூள் உதிர
பத்திநாதன் கை தூக்குகிறார்:
"சோபாவ ஏன் டீச்சர் தேர்ல ஏத்துறாங்க?
நம்ம தேர்ல சாமிக்கே எடம் பத்தாது."
சிரிப்பு தகரத்தில் பட்டுத் திரும்புகிறது.

தேர் என்றால் அங்கே, என்கிறேன்.
ஆனால் இந்த இடத்தில் அங்கே என்று பொருளில்லை.
சும்மா முன்னால் நிற்கும்.
"சும்மாவா நிக்கும்?"
சிவனேசராணி விடுவதாயில்லை.
"அங்கேன்னா அங்கதான்.
சோபா பங்களாவுலதானே இருக்கு?"
நான் டஸ்டரைத் தேடுகிறேன்.

"டீச்சர், இஸ்தோப்புக்கு இங்கிலிஷ்ல?"
வராந்தா.
"அது தமிழாச்சே!"

அடுத்த பக்கத்தில் ஒரு படம்.
கீழே ஓட்டமன் என்று இருக்கிறது.
டவுன் டியூட்டரியில் இரண்டு வருடம் படித்ததில்
இந்தச் சொல் ஒருநாளும் என்னைச் சந்திக்கவில்லை.
ஃபோனைத் தூக்கிக்கொண்டு
சிக்னல் கிடைக்கும் ஜன்னலுக்குப் போகிறேன்.

அதற்குள் ரெங்கநாயகி,
பங்களாவில் பதினாறு வருடம் தூசி தட்டுகிறவள்,
மூன்று பாடமாக வாயே திறக்காதவள்:
"அது காலு வைக்கிற மெத்தை ஸ்டூலு.
பச்சை வெல்வெட்டு.
ஈரத்துணி படக்கூடாது. நாம ஒக்காரவும் கூடாது."
பிறகு அவளை நிறுத்த முடியவில்லை.
சைட்போர்ட். பெல்மெட். மேன்டல்பீஸ். வார்ட்ரோப்.
ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, துடைத்து,
இருந்த இடத்திலேயே வைக்கிறாள்.
அவளுக்கு வராதவை குட்டிச் சொற்கள்தான்.
இன். ஆன். அண்டர்.
"அண்டர் வேணாம் டீச்சர்," என்கிறாள்,
"அண்டருக்குக் குனிஞ்சு குனிஞ்சுதான்
முட்டியே போச்சு."

வீட்டுவேலை கொடுத்தேன்:
உங்கள் வீட்டை வரைந்து
அறைகளுக்குப் பெயரிடுக.

அடுத்த புதன் தாள்கள் வந்தன.
பத்திநாதனுடையதில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில்
ஒரு கட்டம்.
அதே கட்டம் ஆறு தடவை.
கிச்சன், காலை நாலரை.
டைனிங் ரூம், அஞ்சே கால்.
ஸ்டடி ரூம், பின்னேரம் ஆறிலிருந்து ஒன்பது,
மகளுக்கு ஓ.எல்., யாரும் இருமக்கூடாது.
பெட்ரூம், அதற்குப் பிறகு.
லிவிங் ரூம், போயா நாளில், மழை இல்லாவிட்டால்.
ஆறாவது கட்டத்துக்குள் ஒன்றுமில்லை.
கீழே பென்சிலில்:
"நைட் ஷிப்ட் முடிஞ்சு வாரப்ப
எல்லாரும் மலைக்குப் போயிருப்பாங்க.
கதவத் தொறந்து கொஞ்ச நேரம் சும்மா நிப்பேன்.
இதுக்கு என்ன ரூம் டீச்சர்?"

எங்கள் காம்பராவும் பத்துக்குப் பன்னிரண்டுதான்.
இந்தத் தாள்களை
அரிசி வாளியின் மூடியில் வைத்துத்தான் திருத்துகிறேன்.
மணி சொல்லும் பாடம் புத்தகத்தில் பதினொன்றாவது.
அட், ஃப்ரம், டில்.
ஏழு பாடத்தை மொத்தமாகப் புரட்டித் தள்ளினேன்.
ஆறாவது கட்டத்துக்கு இன்னும் பெயர் தரவில்லை.

கடைசியில் சிவனேசராணியின் தாள்.
தேர் வரும் இடமெல்லாம் அடித்துவிட்டு
அழுத்தி எழுதியிருந்தாள்:
ஹியர் இஸ் எ பெட்.
ஹியர் இஸ் எ ட்ரங்குப் பெட்டி.
ஹியர் இஸ் எ ஃபயர்வுட் அண்டர் தி பெட்.

சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.
ஃபயர்வுட்டுக்கு முன்னால் எ வராது.
அதை மட்டும் திருத்தினேன்.